கழுவிய கால்கள்

அம்மாவின் இடது குதிகாலில் தியமிகே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். மெதுவாக, இரண்டே தட்டு. பிறகு சத்தமில்லை.

அம்மா எனெலெசியைக் குளிப்பாட்டிப் பாயில் கிடத்திப் புதுத் துணி போர்த்தியிருந்தார்கள். சபைப் பெண்கள் சுவரோரமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களெல்லாம் வெளியே மாமரத்தடியில். செத்தவளோடு பெண்கள்தான் இருப்பார்கள். புருஷனே ஆனாலும் வெளியேதான். அந்த ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

"யாரது?" என்றாள் மாதர் சங்கத் தலைவி நாஜெரே.

"நான்தான். வைசன்."

அப்பாவின் குரல். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூப்பரே, பெட்டி மூடுறதுக்கு முன்னாடி ஆம்பளைங்க வரிசையில வந்து பாத்துக்கலாம். இப்பப் போய் மரத்தடியில உக்காருங்க. சபைக்குப் பெரியவர் நீங்களே இப்படிச் செய்யலாமா?"

திரும்பிப் போகும் காலடி கேட்கவில்லை. அப்பா அங்கேயே நிற்கிறார் என்று தியமிகேவுக்குத் தெரிந்தது. நிற்பதில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது.

வாலிபர் வகுப்பில் அவர் பாடமே அதுதான். வேதாகமத்தில் வரும் காதல் பாட்டை வருஷம் தவறாமல் எடுப்பார். அந்தக் காதலர்கள் கிறிஸ்துவும் சபையும்தான் என்று சொல்லிப் போதகர்கள் ஓட்டமாகத் தாண்டிப் போகிற இடங்களில் அவர் நிதானமாக நின்று வாசிப்பார். முத்தம் வந்துவிட்டால் போதும், பையன்கள் ஒருவர் விலாவில் ஒருவர் இடித்துக்கொள்வார்கள். கடைசி பெஞ்சில் அம்மா, வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பொரித்த மண்டாசி மாவுருண்டைக் கூடையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள்.

பாட்டில் ஓரிடத்தில் காதலன் வந்து கதவைத் தட்டுகிறான். கால் கழுவிப் படுத்தாயிற்றே, மறுபடி எப்படி மண்ணில் வைப்பது என்று காதலி சோம்பிக் கிடக்கிறாள். எழுந்து திறக்கும்போது அவனைக் காணோம்.

"பாத்தீங்களாடா, அவன் கதவை உடைக்கல," என்பார் அப்பா. "தட்டினான், நின்னான். வாசல்ல நிக்கத் தெரியாதவனுக்குப் பொண்ணு கேக்குற வயசு இன்னும் வரலைன்னு அர்த்தம்."

"அவளுக்கு மட்டும் வந்துடுச்சாக்கும்!" பின்னாலிருந்து அம்மா குரல் கொடுப்பாள். "காலைத் திரும்பக் கழுவிக்கலாம்டி பொண்ணுங்களா. போனவனை எங்க போய்த் தேடுவீங்க?"

வகுப்பே சிரிக்கும். அப்பா புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

அவர் பஸ் ஓட்டிய காலம் முழுக்க வீடு வந்து சேர்வது கண்ட நேரத்தில்தான். இரண்டு தட்டு கேட்கும். அம்மா சில்லென்ற சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு போவாள். "பஸ்ஸை ஓட்டிட்டு வந்தீங்களா, தள்ளிட்டு வந்தீங்களா?" என்று முணுமுணுத்தபடியே தாழ்ப்பாளை எடுப்பாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் சின்ன வயதில் தியமிகேவுக்குத் தூக்கமே வரும். இனி அந்தச் சத்தம் கேட்காது.

தியமிகே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கடி போற?" என்றாள் நாஜெரே.

"கதவைத் திறக்கப் போறேன் அத்தை."

"நம்ம வழக்கம் தெரியாதா உனக்கு?"

"தெரியும் அத்தை. அம்மாவா இருந்தா இந்நேரம் எந்திரிச்சிருப்பாங்க."

நாஜெரே வாயைத் திறந்தாள். பாயில் கிடந்தவளைப் பார்த்தாள்.

தியமிகே தாழ்ப்பாளை எடுத்தாள். அப்பா தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கதவு திறந்ததும் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"உள்ள வரலாமா?" என்று எல்லோரையும் பொதுவாகக் கேட்டார்.

கடைசியில் நாஜெரேதான் நீட்டிய கால்களை மடக்கி இடம்விட்டாள். "சப்பாத்தைக் கழட்டிட்டு வாங்க. இப்பத்தான் தரையைத் துடைச்சோம்."

பெண்களின் செருப்புகளுக்கு நடுவே தன் கறுப்புச் சப்பாத்துகளை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். தலைமாட்டுக்குப் போகவில்லை. கால்மாட்டில், முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்.

தியமிகே எண்ணெய் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். வலது கால் இன்னும் பாக்கி இருந்தது.