பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. பெசன்ட் நகர் கடற்கரையில் நிஷா தன் அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னாள். நாலு வாக்கியத்துக்கு ஒரு தரம் "என் மேல தப்பே இல்லக்கா" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு ரூபீனா என்று பெயர் வைத்தேன்.

2

தி. நகர் அலுவலகத்தில் ரூபீனா திரையை உற்றுப் பார்த்தபடி

(வேண்டாம். எல்லாக் கதையிலும் யாராவது எதையாவது உற்றுப் பார்க்கிறார்கள்.)

அங்கே பன்னிரண்டு பேர் சர்வரில் உள்ள ஒரே களஞ்சியத்தில் கணினி நிரல் எழுதுகிறார்கள். ஆளாளுக்குத் தனிப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பிராஞ்ச். வேலை முடிந்தபின் யாரும் அழிப்பதில்லை. முன்னூற்றுச் சொச்சம் சேர்ந்துவிட்டது. காலை பதினொன்றுக்கு ரூபீனா மாதக்கணக்காக யாரும் தொடாதவற்றைப் பார்த்துப் பட்டியலிட்டாள். "இதெல்லாம் அழிக்கப்போறேன்" என்று குழுவில் போட்டாள். பதினொரு கட்டைவிரல்கள் விழுந்தன. அங்கே எந்தச் செய்திக்கும் விழும், படித்ததாக அர்த்தமில்லை.

மூன்று மணிக்கு, மறுபடி பாராமல், மொத்தமாக அழித்தாள்.

ஒன்றரைக்குக் குழுவில் ஒருவனான தனபாலன் அதில் ஒன்றைத் தூசிதட்டி, தன் ஆறு நாள் வேலையை ஏற்றியிருந்தான். பள்ளி வேன் எங்கே வருகிறதென்று பெற்றோருக்குக் காட்டும் செயலி. மறுநாள் வாடிக்கையாளர் பார்க்க வருகிறார். ஏற்றியாகிவிட்டதே என்று பழைய மடிக்கணினியில் இருந்ததையெல்லாம் துடைத்து அலுவலகத்தில் ஒப்படைத்தும் விட்டான்.

(சர்வரில் எச்சம் இருக்குமே என்பீர்கள். இருந்தது. ரூபீனா எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. அதையும் துடைத்தாள்.)

3

"நான் பார்த்தபோது இருந்தபடியே இருந்தால் மட்டும் அழி" என்று கட்டளையில் ஒரு நிபந்தனை சேர்க்கலாமாம். நிஷாதான் சொன்னாள்.

"தெரிஞ்சே விட்டியா?"

"முன்னூறுக்கும் யாருக்கா அத்த அடிச்சுக்கினு இருப்பா?"

இந்தக் கதையின் வரைவைப் படித்துவிட்டு நிஷா போன் செய்தாள். "என்ன வில்லியாக்கிட்டீங்களே!"

"நீ ரூபீனா இல்லையே."

"பேரு மட்டுந்தான் இல்ல."

4

முடிவு அ: தனபாலன் வீட்டில் ஒரு நகல் கிடைக்கிறது. (பொய்.)

முடிவு ஆ: ரூபீனா அழ, அவன் மன்னிக்கி (ஏன் மன்னிக்க வேண்டும்?)

நடந்தது இதுதான். அவன் அவள் மேஜைக்கு வந்தான்.

"இன்னா ரூபி, என் பிராஞ்சக் காணோம்?"

"நீயுந்தான கட்டைவிரல் போட்ட!"

"எல்லாத்துக்குந்தான் போடுவேன். உங்க மாமா மௌத்தான சாவுச் சேதிக்கே போட்டவன் நானு." சிரிக்காமல்தான் சொன்னான். "பாத்துட்டுத்தான அழிச்ச?"

பார்த்தாள், பதினொன்றுக்கு. இப்போது "ஆமா" என்றால் அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. தான் ஏற்றியதுதான் சரியாக ஏறவில்லை என்று நம்பிவிடுவான்; ஆறு நாளும் அவன் தலையிலேயே விடியும். எனக்குத் தாங்காதது இதுதான்.

நிஷா என்ன சொன்னாள் என்று தெரியும். அதனாலேயே எழுத மாட்டேன். தனபாலன் நிற்கிறான். ரூபீனா நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிவிட்டாள். பதில் நீங்கள் சொல்லுங்கள். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.