கன்ஃபார்ம்டு சார்

கடலூர் செம்மண்டலத்தில் இருந்த பார்சல் கம்பெனி கிளையில் வினோதினிக்கு ஆறு வருஷ சர்வீஸ். ஆட்களின் வருகை, லீவு, சென்னைக்குப் போகும் மெயில் எல்லாம் அவள் பொறுப்பு. குடோனில் வேலை பார்த்த சார்லஸ் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான்.

ஒரு திங்கட்கிழமை காலை அவன் போன் செய்தான். "அக்கா, அமராவதிக்கு எட்டாம் மாசமே வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரில சேத்திருக்கேன். மூணு நாள் லீவு சொல்லிடுங்கக்கா."

"நான் பாத்துக்குறேன். நீ அவளக் கவனி."

அன்றைக்கு ஆடிட் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். போனை வைத்ததோடு அந்த விஷயம் அவளுக்கு மறந்தே போனது.

அடுத்த வாரம் சென்னை மேனேஜர் ஞானசேகரனிடமிருந்து மெயில் வந்தது. சார்லஸ் மூன்று நாள் யாருக்கும் சொல்லாமல் வரவில்லை, அவன் காண்ட்ராக்டை நீட்டிக்கப் போவதில்லை, தகவல் சரிதானா, கன்ஃபார்ம் செய்யவும். படித்ததும்தான் அவளுக்கு அந்தத் திங்கட்கிழமை போன் ஞாபகம் வந்தது.

"நோட்டட் சார்" என்று அடித்தாள். பார்த்துக்கொண்டேன் என்றுதானே அர்த்தம், பொய் இல்லையே. பக்கத்து மேஜை சிலம்பரசன் எட்டிப் பார்த்தான். "மேனேஜருக்குப் போயி நோட்டட்னு போடுவாங்களா? அது அவுங்க நமக்குப் போடறது."

அழித்துவிட்டு "அக்ரீடு சார்" என்று அடித்தாள். சார்லஸை நிறுத்துவது நியாயம் என்று தானும் ஒத்துப்பாடுவது போலிருந்தது. அதையும் அழித்தாள்.

"கன்ஃபார்ம் பண்ணுன்னுதானே கேக்குறாரு? கன்ஃபார்ம்டுன்னு போட்டு அனுப்புங்க," என்றான் சிலம்பரசன். அவனுக்கு அந்த போன் சமாசாரம் தெரியாது.

அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தையைப் போட்டால் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. 'சார்லஸ் சொன்னான், நான்தான் மறந்துட்டேன்' என்று எழுத இங்கிலீஷ் வராதவளும் இல்லை. ஆடிட் நேரத்தில் மெமோ வாங்கப் பயம், அவ்வளவுதான். "கன்ஃபார்ம்டு சார்" என்று அனுப்பினாள்.

மாசக் கடைசியில் சார்லஸை நிறுத்தினார்கள். சாயங்காலமே போன் வந்தது.

"லீவு சொன்னீங்கதானேக்கா?"

"சொன்னேம்ப்பா. அவுங்கதான் கேக்கல."

முதல் பொய்க்கு அவ்வளவு யோசித்தவளுக்கு இது யோசிக்காமலே வந்துவிட்டது. அதுதான் ரெண்டு நாளாக உறுத்தியது. சனிக்கிழமை சிதம்பரம் பஸ் ஏறினாள்.

குழந்தையைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்து சார்லஸ் ஓடிவந்து நாற்காலி போட்டான். அமராவதி குழந்தையை அவள் மடியில் வைத்தாள். கைக்குள் அடங்கிவிடும் போல அத்தனை சின்னது. அதை வைத்துக்கொண்டு அவளால் பேச முடியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

அமராவதிதான் கேட்டாள். "மறந்துட்டேன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா உங்கள என்னக்கா பண்ணியிருப்பாங்க?"

"ஒரு மெமோ குடுத்திருப்பாங்க."

"அவ்ளோதானா?"

வினோதினி அங்கேயே உட்கார்ந்து போனில் மெயில் எழுதினாள். சார்லஸ் திங்கட்கிழமையே தகவல் சொன்னான், பதிவு செய்யத் தவறியது நான், தெரிந்தே தவறாகக் கன்ஃபார்ம் செய்ததும் நான். அனுப்பும் முன் சார்லஸிடம் காட்டினாள். அவன் படிக்காமலே தலையாட்டினான்.

கடலூரில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. கம்பெனியின் வடலூர் குடோனில் அவனை எடுத்துக்கொண்டார்கள். வினோதினிக்கு மெமோ வந்தது, அந்த வருஷ இன்கிரிமெண்டும் நின்றது. அதில் அவளுக்கு வருத்தமில்லை.

ஒருமுறை போன் செய்து, "பஸ் சவுரியமா இருக்கா சார்லஸ்?" என்று கேட்டாள்.

"இருக்குங்க மேடம்," என்றான்.

வடலூர் ஆட்களின் லீவுக் கணக்கும் அவள் மேஜைக்குத்தான் வரும். சார்லஸ் மட்டும் லீவு வேண்டுமென்றால் நேராகச் சென்னைக்கே மெயில் போடுகிறான்.