கல்லார் வரைக்கும் நியூட்ரல்

பர்லியாரைத் தாண்டியபோது திரையில் பேட்டரிக்கு இரண்டு கட்டங்கள் மிச்சம் இருந்தன. அடுத்த வளைவில் ஒன்று. அதற்கடுத்த வளைவில் அதுவும் ஊதா நிறமாகிவிட்டது. இனி குன்னூர் வரை ஏற்றம் முழுவதும் என்ஜின் தலையில்தான். அது அலற ஆரம்பித்தது.

பின்சீட்டில் சாய்ந்திருந்த லோயிஸ் டீச்சர் கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"கத்துறது வண்டியா, நீயா நவநீதா?"

"வண்டிதானுங்க டீச்சர். நான் உள்ளுக்குள்ள கத்திட்டிருக்கேன்."

திங்கள், புதன், வெள்ளி டீச்சருக்கு மேட்டுப்பாளையத்தில் டயாலிசிஸ். அவருடைய கை நரம்பை ஒரே குத்தில் கண்டுபிடிக்கும் நர்ஸ் அங்கேதான் இருந்தாள். வேறு எங்கும் போக அவர் சம்மதிக்கவில்லை. நான்கு மணி நேரம் காத்திருந்து திரும்பக் கூட்டிவர மற்ற டாக்சிக்காரர்கள் சம்மதிக்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது வளைவிலேயே வாந்தி. மிஞ்சியது, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் நவநீதனின் ஹைபிரிட் கார்.

கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டிய வண்டி அது. லிட்டருக்கு இருபது கொடுக்கும், மலையில் பதினேழு நிச்சயம் என்று சொல்லித்தான் விற்றார். நவநீதனுக்கு ஆரம்பத்திலேயே பதினான்குக்கு மேல் வரவில்லை. டாக்டர் பொய் சொல்லிவிட்டார் என்று ஐந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தான். இப்போது மீட்டரில் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம். லிட்டருக்குப் பதினொன்று. போன வாரம் கீழே ஒரு பட்டறையில் காட்டியபோது, மீட்டரைப் பார்த்தவுடனே, "பேட்டரி முடிஞ்சுதுங்க. புதுசு போடறதுக்கு வண்டியவே குடுத்துரலாம்" என்றார்கள். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

சனிக்கிழமை திருப்பூரிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வருகிறார். அவரிடமே டிரைவர் வேலையும் பேசி வைத்திருந்தான். அதனால் டீச்சர், மேட்டுப்பாளையத்தில் இருக்கும் அக்கா மகள் இந்துவின் வீட்டோடு போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற லாரி வரும். நாற்பத்தோரு வருடம் குன்னூரில் இருந்தவர்.

"இந்து ரூமுக்குப் பெயின்ட் அடிச்சிட்டாளாம்" என்றார் டீச்சர். "ரோஸ் கலர். அந்த வெயில்ல, ரோஸ் கலர்ல, நான் ஒரு மாசம் இருந்தாப் பெருசு."

நவநீதன் அடுத்த வளைவுக்கு ஹார்ன் அடித்தான். பேசுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

மறுநாள் பிரேக் கீச்சிட்டது. விற்கிற வண்டியானாலும் கீச்சிட்டால் விலை பேச முடியாது என்று ரிஜோவின் பட்டறைக்குக் கொண்டுபோனான். ரிஜோ கூடலூர் மலையாளி. சக்கரத்தைக் கழற்றி, உள்ளேயிருந்த பிரேக் பேடை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"சேட்டா, இது எப்போ மாத்தினது?"

"சித்திரையில."

"நாலு மாசமா? எந்தா இது, பிஸ்கட் மாதிரி ஆயிருக்கு. ஹைபிரிட்ல பேட் லேசுல தேயாது. எறக்கத்துல மோட்டாரே வண்டியப் பிடிச்சுக்கும், பிரேக் சும்மா இருக்கும். நீங்க எப்படி எறக்குறீங்க?"

நவநீதன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

"குன்னூர்ல இருந்து கல்லார் வரைக்கும் நியூட்ரல்."

தேயிலை லாரி ஓட்டிய நாளிலிருந்து வந்த பழக்கம். ஸ்டாண்டில் எல்லோரும் அப்படித்தான் எண்ணெய் மிச்சம் பிடித்தார்கள். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் போர்டுகள் சுற்றுலா வருகிறவர்களுக்கு என்பது அவர்கள் எண்ணம். யார் எதுவரை நியூட்ரலில் வந்தார் என்பது டீக்கடையில் ஒரு பேச்சு. அதிலும் இந்த வண்டியில் நியூட்ரல் போட்டால் ஒரு சத்தமும் இருக்காது. வண்டி இறங்குவதாகவே தோன்றாது. மலைதான், மரங்களையும் குரங்குகளையும் தூக்கிக்கொண்டு, மெல்ல மேலே போய்க்கொண்டிருக்கும். அவனுடைய நாளில் அந்த ஒரு மணி நேரம்தான் அவனுக்குப் பிடித்தது.

ரிஜோ பேடைக் கீழே வைத்துவிட்டு டயர் மேல் உட்கார்ந்தான்.

"எறக்கம்தான் சேட்டா இதுக்குச் சாப்பாடு. கியர டி-ல, டிரைவ்ல விட்டாத்தான் சக்கரம் மோட்டாரச் சுத்தும், மோட்டார் பேட்டரிய நிறைக்கும். என்-ல போட்டா ஒண்ணும் போகாது. அஞ்சு வருஷமா இலையப் போட்டுட்டு, சோறு வைக்காம எடுத்திருக்கீங்க."

"அட போப்பா. எண்ணெய் மிச்சமாகுதுன்னு நெனச்சு..."

"எறங்கும்போது மிச்சம் பிடிச்சு, ஏறும்போது ரெட்டிப்பாக் கொட்டியிருக்கீங்க."

ஒரு கருவியை மாட்டிப் பார்த்தான். வெகுநேரம் எண்கள் ஓடின.

"பாதிக்கு மேல உயிர் இருக்கு. வயசாயிருச்சு, மூணு லட்சம் ஓடியிருக்கே. வயசுக்கு நீங்க பொறுப்பில்ல. பட்டினிக்கு நீங்கதான்."

வெள்ளிக்கிழமை காலை நவநீதன் கியர் லீவரை டி-யிலேயே விட்டு இறங்கினான். காலை எடுத்தபோதெல்லாம் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்ததுபோல வண்டி தயங்கியது. அவன் கை தானாக லீவருக்குப் போனது. இழுத்துக்கொண்டான். மறுபடி போனது.

"என்னடா கை அலையுது? கொசுவா?" என்றார் டீச்சர்.

"இல்லைங்க டீச்சர்."

காட்டேரி தாண்டியதும் நான்கு கட்டம். பர்லியாரில் ஏழு. கல்லாருக்கு முன்னாலேயே எட்டும் நிறைந்து பச்சையானது. இந்த மலையில் அந்தப் பச்சையை அவன் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. உடம்பு கனத்ததுதான் மிச்சம்.

ஆஸ்பத்திரி வாசலில் வழக்கமாகத் தூங்குவான். இன்று தூக்கம் வரவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நாளை வண்டி போய்விடும். திருப்பூர் ரோடு நேராக இருக்கும். வாரத்துக்கு மூன்று முறை இந்தப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கத் தேவையில்லை. படுத்தால் தூக்கத்திலும் ஸ்டியரிங் திரும்பாது. அந்த யோசனை தணுப்புக்குப் போர்த்திய கம்பளிபோல இதமாக இருந்தது.

திரும்பும்போது பாதி மலை தாண்டியும் மோட்டார் தோள் கொடுத்தது. காட்டேரிக்கு மேல்தான் என்ஜின் அலறியது. டீச்சர் வீட்டு வாசலில் நிறுத்தியபோது திரையில் லிட்டருக்கு 15.8.

வராந்தாவில் அட்டைப்பெட்டிகள் கயிறு போட்டு அடுக்கியிருந்தன. டீச்சர் இறங்கவில்லை. டயாலிசிஸ் முடிந்தால் எழுந்து நிற்கவே பத்து நிமிடம் வேண்டும்.

"டீச்சர்" என்றான் நவநீதன் கண்ணாடியைப் பார்த்து. "பேட்டரி சாகலைங்க. நான்தான் கெடுத்துட்டு இருந்தனுங்க."

எல்லாவற்றையும் சொன்னான். நியூட்ரல், பேட், பட்டினி, அந்த 15.8. டீச்சர் கண்ணை மூடியே கேட்டார்.

"அஞ்சு வருஷமா?"

"ஆமாங்க."

"நான் நாப்பது பெட்டி கட்டினேன்டா, மடையா."

"தெரியுமுங்க."

"ரோஸ் கலர் பெயின்ட் அடிச்சிருக்கா அவ."

டீச்சர் கைப்பையைத் துழாவி போனை எடுத்து முன்சீட்டுக்கு நீட்டினார்.

"நீயே சொல்லு. நான் சொன்னா அவ அழுவா. அப்புறம் நான் போயாகணும்."

நவநீதன் வண்டியைவிட்டு இறங்கி மதிலோரம் நின்றான். இரண்டாவது மணியிலேயே இந்து எடுத்தாள்.

"ஏனுங்க, நான் டிரைவர் நவநீதன் பேசறனுங்க. இல்லைங்க, டீச்சர் நல்லா இருக்காங்க. ஞாயித்துக்கெழமை லாரி வேண்டாமுங்க... வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. என்னோட தப்புங்க. நியூட்ரல்னு ஒண்ணு இருக்குதுங்களா..."

இந்து நிறையத் திட்டினாள். பெயின்டைப் பற்றி, லாரிக்காரனைப் பற்றி, சித்தியின் உடம்பைப் பற்றி. அவன் ஒவ்வொன்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க என்றான். வண்டிக்குள் டீச்சர் தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கியிருந்தார். திருப்பூர்க்காரருக்கும் இன்றே சொல்ல வேண்டும். ஆவணி மூடுபனி ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கும் அங்கேயே மதிலில் சாய்ந்து தூங்கிவிடலாம் போலிருந்தது.

"சரி, அந்தப் பழைய பேட்டரி இன்னும் எத்தனை நாளைக்கு வரும்?" என்று இந்து கடைசியாகக் கேட்டாள். "அதையாவது உண்மையாச் சொல்லுங்க."

அவன் திரும்பி, வண்டிக்குள் தூங்கும் டீச்சரைப் பார்த்தான்.

"திங்கக்கிழமை வந்துருவோமுங்க" என்றான்.