நான்காம் கட்டத்துக்குப் போகாத அம்பு

சுவரில் ஒட்டியிருந்த அந்தப் பெரிய தாளை அலுவலகத்தில் எல்லோரும் லாஜிக் மாடல் என்றுதான் சொல்வார்கள். ஐந்து கட்டங்கள், நடுவே நான்கு அம்புகள். என்ன போடுகிறோம், என்ன செய்கிறோம், கையில் என்ன கிடைக்கும், யார் வாழ்க்கை மாறும், ஊர் எப்படி வளரும். ஒரு கட்டம் அடுத்ததைக் கொண்டுவர வேண்டும்; அதுதான் கணக்கு. திட்ட அதிகாரியான அவள் அதில் கையெழுத்துப் போட்டால் நகராட்சியின் தையல் பயிற்சி மையம் இன்னும் இரண்டு வருடம் ஓடும். போடாவிட்டால் நின்றுபோகும். மையத்தை நடத்துகிற தையல் மாஸ்டர் அவள் கணவர்.

காலையில் வீட்டிலேயே வெடித்துவிட்டது.

"ஊர்ல எத்தனையோ திட்டம் இருக்கு. உன் கண்ணுக்கு என் சென்டர்தான் பட்டுச்சா, அம்புக்காரி?" சட்டைப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டிக்கொண்டே கேட்டார் மாஸ்டர்.

"போன வருஷம் நூத்தி இருபது பேர் உங்ககிட்ட படிச்சாங்க. இப்ப தைக்கிறது ஒன்பது பேர். வீடு வீடா போய்ப் பார்த்தேன். ஒரு வீட்ல நீங்க குடுத்த மெஷின் மேல டிவி உட்கார்ந்திருக்கு."

"நான் ஒழுங்கா கத்துக்குடுத்தேனா இல்லையா?"

"உங்களை யாருங்க குறை சொன்னா? பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க."

அவர் அதைச் சரிசெய்யாமல் விறுவிறுவென்று கிளம்பிப் போனார்.

கூட்டத்தில் இயக்குநர் பேனாவை நீட்டினார். "எல்லாக் கட்டமும் நிரம்பியாச்சு. போடுங்கம்மா."

அவள் பேனாவை வாங்கவில்லை. எழுந்து போய், 'இரண்டு வருடத்தில் முந்நூறு பேர் பயிற்சி பெறுவர்' என்ற கட்டத்திலிருந்து 'முந்நூறு குடும்பங்களின் வருமானம் உயரும்' என்ற கட்டத்துக்குப் போன அம்பைச் சிவப்பு மார்க்கரால் அடித்தாள்.

"இந்த அம்பு பொய், சார். படிச்சவங்களுக்குத் தையல் வேலை தர்ற துணி கம்பெனி ஊருக்கு வெளியே இருக்கு. ஷிப்ட் முடியறது ஆறு மணி. கடைசி பஸ் அஞ்சரை. வேலைக்குப் போனா வீடு திரும்ப வழி இல்லை. நடுவுல ஒரு கட்டம் விட்டுப்போச்சு. பாதி வகுப்பை நிறுத்திட்டு அந்தக் காசுல ஒரு பஸ் விடுங்க."

இயக்குநர் சிரித்தார். "மேல யாரும்மா அம்பையெல்லாம் பார்க்கப்போறாங்க? அதுவும் உங்க வீட்டுக்காரர் சென்டர். சொந்த அடுப்புல யாராவது தண்ணி ஊத்துவாங்களா?"

"சொந்த அடுப்புங்கறதாலதான் பொய்யெழுதக் கை வரலை, சார்."

"மாஸ்டர், நீங்களே சொல்லுங்க."

பின்வரிசையில் இருந்து அவர் எழுந்தார். பொத்தான் இன்னும் கோணல். ஒரு வார்த்தையில் தன்னை இவர் கவிழ்த்துவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

அவர் நேராக வந்து மார்க்கரை வாங்கினார். அடித்த அம்பின்மேல் ஒரு கோணல் கட்டம் போட்டு 'பஸ்' என்று எழுதினார்.

"நூத்தி இருபது பேரும் பாஸ், சார். அந்தப் பெருமையில அப்புறம் என்ன ஆனாங்கன்னு நான் கேட்கவே இல்லை. பாதி வகுப்பை எடுத்துக்குங்க. மீதி பேராவது நிஜமா தைக்கட்டும்."

"புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஃபைலைக் கிடப்புல போட வைக்கிறீங்க!"

"போடுங்க, சார்," என்றாள் அவள். "புதுப் படம் நாளைக்கு உங்க மேஜையில இருக்கும். அதுல என் கையெழுத்து இருக்கும். இதுல இருக்காது."

வெளியே வராந்தாவில் அவர் மெல்லக் கேட்டார். "நிஜமாவே கிடப்புல போட்டுட்டா?"

"நாளன்னைக்கு இன்னொன்னு வரைவேன்."

அவர் நின்று, பொத்தானைக் கழற்றிச் சரியான துளையில் போட்டுக்கொண்டார். "வா. எத்தனை மணிக்கு பஸ் வேணும்னு என்கிட்ட படிச்ச அந்தம்மாங்க கிட்டயே கேட்டுட்டு வரைவோம்."