திறந்தவர்தான் மடக்க வேண்டும்

ஆரின் ஹாகனுக்கு அந்தக் கத்தி தேவையே இல்லை. மாடு வளர்க்கிற மனிதர் கால்சட்டைப் பையில் கத்தி இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார், அது வேறு விஷயம். அவரிடம்தான் பழைய மடக்குக் கத்தி ஒன்று இருந்ததே! பையில் கிடப்பதே தெரியாது, சொன்ன வேலையைச் செய்யும். அப்புறம் எதற்கு ஒரு கன்றுக்குட்டியின் விலையைக் கொடுத்துச் செங்கல் கனத்தில் இன்னொன்று? சொன்னால் சிரிப்பீர்கள். பேச்சுத்துணைக்கு வாங்கினார்.

மனைவி வெர்னா போன வசந்தத்தில் கண்ணை மூடினாள். அதன்பிறகு மனிதருக்குப் பேச ஆள் இல்லை. மொன்டானாவின் கிழக்குப் பக்கம் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்கே வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும். மாடுகளைத் திட்டுவார். வானொலியில் தானிய விலை சொல்கிறவனுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்வார். அவன் எங்கே திரும்பப் பேசப்போகிறான்!

இலையுதிர் காலத்தில் டிராக்டருக்கு ஏதோ உதிரி வாங்க பில்லிங்ஸ் போனவர், ஒரு மண்டபத்தில் கூட்டத்தைப் பார்த்துச் சும்மா நுழைந்தார். கத்திக் கண்காட்சி. ஒரு மேசைக்கு முன்னால் இரண்டு பேர் கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்குப் பேரு கத்தியா? கூன் விழுந்த கெளுத்தி மீன் மாதிரி இருக்கு!"

"உங்க கண்ணுல கோளாறு சார். இதோட அழகு உங்களுக்கு எங்க புரியப்போகுது?"

சண்டைக்குக் காரணம் மேசையில் கிடந்தது. விரல் தடிமனில் அலகு, அதன் முதுகில் ஒரு திமில், ஊதா நிறத்தில் டைட்டானியப் பிடி, பிடி முழுக்கப் பொத்தல். ஆரினுக்குப் பார்த்ததும் முகம் சுளித்தது. ஆனால் நகர மனம் வரவில்லை. முன்பின் தெரியாத அந்த இரண்டு பேரும் கத்திக் கத்தி ஓய்ந்து, கடைசியில் தோளில் கை போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்கள். இப்படி ஒருவர் தன்னோடு சண்டை போட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தார்.

செய்தவர் ஐடஹோக்காரர், வருஷத்துக்கு நாலைந்துதான் செய்வாராம். வேண்டும் என்கிறவர்கள் பெயரைக் காப்பி டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுப்பார். ஆரினும் சீட்டில் பெயரை எழுதிப் போட்டார். அவர் பெயரே விழுந்துவிட்டது. செய்தவர் கத்தியைக் கட்டை விரலால் டக்கென்று திறந்து காட்டி, தானே மடக்கிக் கையில் கொடுத்தார்.

தானே மடக்கினார் என்று சும்மா சொல்லவில்லை. மடக்குக் கத்தியை யார் திறந்தாரோ அவர்தான் மடக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அடுத்தவர் திறந்ததை நீங்கள் மடக்கினால் கேடு வரும். நம்புகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள், எல்லோரும் சிரிப்பார்கள். மீறச் சொல்லுங்கள், ஒருத்தரும் மீற மாட்டார்கள்.

மறுநாள் காலையே ஊர் உணவகத்துக்குப் போய், காப்பி குடித்துக்கொண்டிருந்த தீவனக்கடை டெல்மர் முன்னால் கத்தியை வைத்தார்.

"டெல்மர், இதைக் கொஞ்சம் பாரேன்."

டெல்மர் எடுத்தார், திறந்தார், மடக்கினார். "ம்... நல்ல கனம்."

"பிடிக்கலைன்னா தாராளமா சொல்லுப்பா. அசிங்கமா இருக்குன்னு சொல்லு!"

"சேச்சே! அவங்கவங்க ருசி ஆரின்." திரும்பித் தன் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அவங்கவங்க ருசி! ஒரு மனிதனை இதற்கு மேல் எப்படிக் கொல்வது? பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனைக் கிண்டல் செய்யக் கூடாதாம். வங்கியில் காட்டினார், மாட்டுச் சந்தையில் காட்டினார், எல்லா இடத்திலும் அதே தலையாட்டல், அதே மரியாதை. அந்த மரியாதையில் இடி விழ.

குளிர்காலம் முழுக்கக் கத்தி அவர் பையில் தொங்கியது. பை கிழிந்தது, தைத்துக்கொண்டார். தொடையில் கன்றிப் போனது. சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து திறப்பார், மடக்குவார், திறப்பார், மடக்குவார். அந்த வீட்டில் வேறு சத்தம் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பெர்டில் ஸ்கார் இருந்தார், அவரும் தனிக்கட்டை. அவரிடம் மட்டும் ஆரின் கத்தியைக் காட்டவில்லை, பேச்சு வார்த்தை அறுந்து வருஷக் கணக்காகிறது. ஆரினின் காளை ஒரு தரம் வேலியை முறித்துப் போய் பெர்டிலின் இளங்கிடாரிகளோடு சேர்ந்துவிட்டது. கன்றுகள் பெரிசு, ஈனும்போது இரண்டு கிடாரிகள் செத்துப்போயின. ஆரின் மன்னிப்புக் கேட்கவில்லை, வேலி உன் பக்கம்தான் இற்றுப் போயிருந்தது என்று சொல்லித் தொலைத்தார். வெர்னா இருந்தவரை அவ்வப்போது கேக் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து உறவை ஒட்டவைத்திருந்தாள். அவளுடைய அடக்கத்துக்கு வந்த பெர்டில் பின்வரிசையில் நின்றார், சாப்பிடாமல் போய்விட்டார்.

மார்ச் மாதம், கன்று ஈனும் பருவம். உருகின பனி மறுபடி இறுகிக் கிடந்த ஒரு காலையில் ஆரின் வேலியோரம் வைக்கோல் போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பக்கம் பெர்டில் மண்டியிட்டுக் கிடந்தார். ஒரு கன்றின் பின்னங்கால் முள்கம்பிக்கும் உறைந்துபோன வைக்கோல் கட்டுக்கயிற்றுக்கும் நடுவில் சிக்கியிருந்தது. கம்பத்தில் அடித்திருந்த ஆணியை நெம்பப் பார்த்து, பெர்டிலின் கத்தி முறிந்து பனியில் கிடந்தது. தாய்ப்பசு பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தது.

பெர்டில் தலையைத் தூக்காமலே வேலி வழியாகக் கையை நீட்டினார். "கத்தி!"

காளைக்குப் பிறகு அவர் பேசின முதல் வார்த்தை. ஆரின் கத்தியை மடக்கினபடியே அந்தக் கையில் வைத்தார். பெர்டில் பார்த்தார். கன்றையும் மறந்து பார்த்தார்.

"என்னய்யா இது?"

"கத்திதான்."

"கத்தியா? தவளை ஸ்பேனரை முழுங்கின மாதிரி இருக்கு! எவன்யா செஞ்சான்? போதையில செஞ்சானா?"

ஆரினுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

பெர்டில் ஒற்றைக் கையால் திறந்து, அலகை ஆணிக்கு அடியில் கொடுத்து முழு பலத்தோடு நெம்பினார். வேறு கத்தியானால் போயிருக்கும். இது அசையவில்லை, ஆணிதான் பிடுங்கிக்கொண்டு பறந்தது. கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தார். அதற்குள் பசு தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது. பெர்டில் கத்தியைக் கம்பத்தில் குத்திவிட்டு, கன்றை வாரி வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தார். நன்றியும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஆரின் கத்தியைப் பிடுங்கினார். கட்டை விரல் மடக்கப் போனது, நின்றுவிட்டது. திறந்தது பெர்டில் அல்லவா?

வெர்னாவின் சமையலறைத் துணியில் சுற்றி, வண்டியில் அவள் உட்காருகிற பக்கம் வைத்தார். திறந்தவன் வந்து மடக்கட்டும் என்று வீறாப்பாக இருந்தார். பெர்டில் வரவில்லை. துணியைப் பிரித்துப் பார்ப்பார், மறுபடி சுற்றுவார். திடீரென்று ஒருநாள் உறைத்தது. அட முட்டாளே! அந்த வீட்டுக் கதவைத் தட்ட எவனும் குறை சொல்ல முடியாத ஒரு காரணம் உன் கையில் இருக்கிறதே! ஆனால் இருக்கிறது ஒரே காரணம்தான், அவர் வாசலிலேயே மடக்கிக் கொடுத்துவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை போனார். பெர்டில் கதவைத் திறந்து, துணியைப் பார்த்தார்.

"நீ திறந்துட்டுப் போயிட்ட," என்றார் ஆரின்.

பெர்டில் ஒதுங்கி வழி விட்டார். அடுப்போரம் அந்தக் கன்று போர்வையில் படுத்திருந்தது. பெர்டில் கேட்காமலே காப்பி ஊற்றினார், துணியைப் பிரித்துக் கத்தியை மேசை நடுவில் வைத்து உட்கார்ந்தார்.

"முதுகுல எதுக்குய்யா கூன்?"

"கட்டை விரல் வைக்க."

"வச்சேனே, குளிர்ல ஒட்டிக்கிச்சு! ஊதா வேற. உனக்கு வயசு என்ன, எட்டா?"

"ஆணியைப் புடுங்கும்போது நிறம் உறுத்தலையா? உன் கத்தி அழகாதான் இருந்துச்சு, எங்க அது? பனிக்குள்ள!"

"அழகுக் கத்தி செத்தாலும் அழகா சாகும். இது பொணத்துக்குப் போட்ட சட்டை மாதிரி இருக்கு."

மேசையில் குத்தினார்கள். குரல் உயர்ந்தது. கன்று பயந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. காப்பி ஆறிற்று, மறுபடி ஊற்றினார்கள். ஆரின் சிரித்துப் புரையேறி இருமினார்.

"பெர்டில், அந்தக் காளை..."

"காளையைப் பத்திப் பேசாத. கத்தியைப் பத்திப் பேசு." கோப்பையை ஒதுக்கி வைத்தார் பெர்டில். "வெர்னா அடக்கத்தன்னிக்குச் சாப்பிடாம வந்துட்டேன். உன் மூஞ்சியைப் பாக்க முடியலய்யா."

ஆரின் தலையாட்டினார். பெர்டில் கத்தியை எடுத்தார். ஆரின் அவர் விரலையே பார்த்தார். பெர்டில் பூட்டை அழுத்தி, அலகை மடக்கி, மேசையில் தள்ளினார். டக்.

அவ்வளவுதான். முடிந்தது. அறையில் அடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஆரின் கத்தியைப் பையில் போட்டார், அது எப்போதையும் விடக் கனத்தது. தொப்பியை எடுத்துக்கொண்டார். தன் சமையலறை மேசை, அந்த வானொலி, அந்த வீடு எல்லாம் அங்கே காத்திருப்பதை நினைத்தார். போகவே பிடிக்கவில்லை.

"வரேன் பெர்டில்."

"ம்."

கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. படியில் கால் வைத்தார்.

"யோவ்!"

திரும்பினார். பெர்டில் வாசலுக்கே வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அதை இங்க குடு."

ஆரின் கொடுத்தார். பெர்டில் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டை விரலால் டக்கென்று திறந்தார், பிடியை ஆரின் பக்கம் திருப்பிக் கையில் வைத்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டா, மடக்கித் தரேன்," என்றார். "பள்ளத்துல பாத்து ஓட்டு. தவளை குத்திடப்போகுது."