அன்ரோனெற்றின் உப்பு

எட்வேட்டுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளன். உப்பையும் மீனையும் பற்றி அறிய வந்த வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு நாள் ஊரைச் சுற்றிக் காட்டும்படி அவனை அனுப்பியிருந்தார்கள். காலை ரயிலில் தலைமன்னாரில் இறங்கியதிலிருந்து தோணி, வலை, மீன் உலர்த்தும் வாடி என்று எதையும் விடாமல் காட்டினான். துரை எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

கடற்கரையில் ஒரு கட்டாக் கருவாட்டை எடுத்துப் பார்த்த துரை, இது மட்டும் எப்படி இவ்வளவு வெள்ளை என்று கேட்டார். வெயில்தான் காரணம் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். பாவி, "வாருங்கள், காட்டுகிறேன்" என்று அன்ரோனெற்றின் வீட்டு வளவுக்கே கூட்டிப்போனான்.

அன்ரோனெற் அவனுடைய சொந்த அக்கா. கருவாடு விற்று அவனை இங்கிலீசு படிக்க வைத்தவள்.

"வாடா தம்பி! சோறு ஆக்கிறன், துரையையும் இருந்து சாப்பிடச் சொல்லு." துரைக்குத் தமிழ் ஒரு சொல்லும் விளங்காது.

வளவுக்குப் பின்னால், யாருக்கும் சொந்தமில்லாத தரவையில், ஏறி நின்ற கடல்நீர் வற்றி நிலம் வெள்ளையாய்க் கிடந்தது. தானாக விளைந்த உப்பை அவள் வாரி ஓரமாகக் குவித்திருந்தாள். வருசம் முழுவதும் மீனுக்குப் போட அதுதான் இருந்தது. கருவாட்டின் வெள்ளைக்கு இதுதான் காரணம் என்று எட்வேட் பெருமையோடு கையை நீட்டிக் காட்டினான்.

துரையின் முகம் மாறியது. அரசாங்க உப்பைத் தவிர வேறு உப்பை எவரும் அள்ளக்கூடாது என்பது சட்டம். அதைத் தமிழில் எழுதியவனே எட்வேட்தான். ஆனால் அக்கா வீட்டுப் பின்பக்கத்து உப்பு அதற்குள் அடங்கும் என்று அவனுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

குவித்தது யார் என்று துரை கேட்டார். ஆள் தெரிந்தால் பிடித்து மறியலில் அடைப்பார்கள். தெரியாவிட்டால் உப்பைச் சேற்றில் மிதித்து அழிப்பதோடு போய்விடும்.

"தெரியாது, துரை."

துரை அன்ரோனெற்றைக் கைகாட்டினார். "இந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா?"

அக்காவைப் பார்த்துக்கொண்டே எட்வேட் இல்லை என்று தலையசைத்தான். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தான். உத்தியோகமும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது, அதை மறைப்பானேன்.

அப்படியானால் நீயே மிதி என்றார் துரை. எட்வேட் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். குவியலைக் காலால் தள்ளித் தள்ளிச் சேற்றோடு மிதித்தான். தூரத்தில் அக்காவின் புருசன், அத்தான் வின்சன்டின் தோணி நிறைய மீனோடு கரைக்கு வந்துகொண்டிருந்தது. இனி அந்த மீனுக்குப் போட ஒரு பிடி உப்பு இல்லை. நாளைக்கு எல்லாம் நாறிப்போகும்.

மிதித்து முடித்துக் கரையேறியபோது அன்ரோனெற் வாளியில் தண்ணீரோடு நின்றாள்.

"அக்கா..." என்று தொடங்கினான்.

அவள் துரையை ஒருதரம் பார்த்தாள். பிறகு, முன்பின் தெரியாத உத்தியோகத்தரோடு பேசுகிற குரலில் சொன்னாள்:

"காலை நீட்டுங்கோ ஐயா, தண்ணி ஊத்திறன்."