பெண் பார்க்க வந்த லோரி

கம்போங் ராஜா ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் திலகாவைப் பெண் பார்க்க வந்த குகனேஸ்வரன், லோரியின் என்ஜினை அணைக்காமலே வீட்டுக்குள் நுழைந்தான்.

அணைத்தால் மறுபடி எடுக்காது. ரிங்லெட்டிலிருந்து கோஸ் ஏற்றும் அந்தப் பழைய லோரி சில வாரங்களாகக் காலையில் செத்துக் கிடந்தது. புது பேட்டரி போட்டான், அதுவும் படுத்துக்கொண்டது. அதனால் எங்கே போனாலும் சரிவில் நிறுத்தி, உருட்டிவிட்டு, கியரைப் போட்டு எழுப்புவான். திலகா வீட்டு வாசலோ சமதரை. ‘சொந்த லோரி, ஒரு குறையும் இல்லை’ என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருந்ததும் அவன்தான்.

உள்ளே கேசரி வந்தது. வெளியே லோரி உறுமியதில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. திலகாவின் அப்பா அர்ஜுனன், தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவர்.

“என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்தீங்களா, பார்சல் எடுக்க வந்தீங்களா?”

“என்ஜின் சூடாவே இருந்தா நல்லது மாமா.”

“எதுக்கு நல்லது?”

குகன் ஒரு வாய் கேசரியை அள்ளிப் போட்டுக்கொண்டான். அவன் அம்மா நீலாவதி, “லோரிய புள்ள மாரி வச்சிருக்கான்ணே,” என்றாள்.

“புள்ள கத்திகிட்டே இருக்கேம்மா,” என்று அர்ஜுனன் எழுந்துபோய், சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு வந்தார். விருந்தாளிக்குச் செய்த உபசாரம். அதன்பிறகு திலகா காப்பி கொண்டுவந்தாள். குகன் லோரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது லோரி ‘டக்’ என்றது. இன்னொரு ‘டக்’. அப்புறம் அதுவும் இல்லை.

“இதுக்காகத்தான் அணைக்கலையா?” என்றார் அர்ஜுனன்.

“ஆமா மாமா,” என்று குகன் ஸ்டீயரிங்கிடம் சொன்னான்.

அர்ஜுனன் கைலியை மடித்துக் கட்டினார். அக்கம்பக்கம் கூடிவிட்டது. பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, நடுவில் சின்ன பல்பைக் கோத்தார்.

“சாவி அணைஞ்சிருக்கு, பல்பு எரியுது பாருங்க. எவனோ உக்காந்து கரண்ட திங்கறான்.”

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பல்பு அசரவில்லை. கடைசியில், பேட்டரியிலிருந்து நேராகக் கிளம்பிய ஒரு சிவப்பு ஒயர் அகப்பட்டது. அது கேபினுக்கு மேலே ஏறி, ‘முருகன் துணை’ பலகைக்குப் பின்னால் மறைந்தது.

குகன் கேபின் ஜன்னலில் தலையை நீட்டினான். “மாமா, அது வேணாம் லா...”

அதற்குள் அவர் திருப்புளியோடு ஏறிவிட்டார். பலகை கழன்றது. பின்னால், ரோஜா நிற விளக்கில், ஓர் இதயத்துக்குள் ‘சுபத்ரா’ எரிந்துகொண்டிருந்தாள். பகல் மூடுபனியில் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

பெண் பார்க்கும் பேச்சு தொடங்கியதும் அந்த விளக்கின் சுவிட்சைப் பிடுங்கி எறிந்தவன் குகன். தொங்கிய ஒயர் இரண்டையும் ஒன்றாக முறுக்கி, பத்திரமாக டேப் சுற்றியவனும் அவனே. அன்றிலிருந்து அது அணையவே இல்லை.

“யாருடி சுபத்ரா? பொண்ணு பேரு திலகால்ல?” என்றது கூட்டத்தில் ஒரு குரல். நீலாவதி முந்தானையை முகத்துக்கு ஏற்றினாள். அர்ஜுனன் ஒயரை வெட்டி, பேட்டரி முனையை மறுபடி மாட்டினார். அவர் திட்டியிருந்தால் குகனுக்குத் தேவலாம்.

திலகா கேபின் கதவருகே வந்தாள். “இப்ப எங்க இருக்காங்க?”

“கோலா தெர்லால. கல்யாணமாயி ரெண்டு புள்ள.” ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே, கேட்காததையும் சொன்னான். “பேர எடுக்க மனசு வரல. அதான் மேல பலகைய அடிச்சேன்.”

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு, “தள்ளலாம்ப்பா,” என்றாள்.

எல்லாரும் தள்ளினார்கள். புதுச் சேலையோடு அவளும். சரிவைத் தொட்டதும் லோரி இருமி எழுந்தது. ஒடுங்கிய தோட்டத்துச் சாலை. அடிவாரச் சந்திவரை திருப்ப இடமில்லை. தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டுப் பக்கத்து இருக்கையைப் பார்த்தான். அம்மா இல்லை.

சந்தியில் திருப்பி, முதல் கியரில் மறுபடி ஏறினான். கூட்டம் கலையாமல் காத்திருந்தது. உள்ளே நீலாவதி இரண்டாவது தட்டுக் கேசரியில் இருந்தாள். வாசலில் திலகா.

“பெரியவங்க பேசிட்டாங்க. எனக்கும் ஓகே லா. கேக்காததையும் சொன்னீங்கல்ல, அதுக்குத்தான்.” பிறகு சேர்த்தாள்: “ஆனா நீங்க இன்னும் என் மொகத்தையே பாக்கல.”

உண்மை. குகன் நிமிர முயன்றான், கழுத்து ஒத்துழைக்கவில்லை. குனிந்தபடியே, கல்யாணப் பெண்போல, சம்மதத்துக்குத் தலையை ஆட்டினான்.